0.9 வந்துவிட்டால் போதுமா?

ஒரு பெருமழைக்கு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று மாடல் போடும் கட்டுரைகளில் ஒரு வாதம் அடிக்கடி வருகிறது: நாஷ்-சட்கிளிஃப் மதிப்பு 0.9, ஆகவே மாடல் நம்பகமானது. இந்த 'ஆகவே'தான் எனக்கு உறுத்துகிறது.

1970ல் நாஷும் சட்கிளிஃபும் கொடுத்த அளவுகோல் இது. 1 என்றால் மாடலும் அளவீடும் அச்சு அசல் ஒன்று. 0 என்றால் சும்மா சராசரி ஓட்டத்தைச் சொல்லியிருந்தாலும் அதே தரம்தான். ஆக, போட்டி சராசரியோடு. வெள்ளம் சரசரவென்று ஏறி இறங்கும்போது சராசரியை ஜெயிப்பது பெரிய வித்தை இல்லை.

சரி, அந்த 0.9 எப்படி வருகிறது? பலரும் பயன்படுத்தும் கர்வ் நம்பர் முறையிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கர்வ் நம்பர் 75 உள்ள நிலத்தில் 110 மி.மீ. மழை பெய்தால் சுமார் 49 மி.மீ. வழிந்தோடும். மழைமானி 100 மி.மீ. என்று குறைத்துக் காட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கணக்கில் 41 தான் வரும். கர்வ் நம்பரை 79 ஆக்குங்கள், மறுபடி 49! பிழை மழைமானியில், பழி மண்ணின் மேல். பொருத்தம் மட்டும் பிரமாதம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை. அடையாற்றுக்கு மாடல் போடுபவர் எந்த மழைமானிக்கு எவ்வளவு எடை கொடுத்தார் என்பதைப் பொறுத்தே அவருக்குக் கிடைக்கும் கர்வ் நம்பர் மாறிவிடும்.

இன்னொன்று, நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிரம்பியிருந்தன. முந்தைய 5 நாள் மழையைப் பார்த்து ஈரப்பதத்தைத் திருத்தும் ஏற்பாடு அந்தப் பழைய முறையில் உண்டுதான். ஆனால் ஏரி நிரம்புவது வாரக்கணக்கான, மாதக்கணக்கான சமாச்சாரம். ஏரிகள் காலியாக இருந்த அக்டோபர் மழைக்குப் பொருத்திய மாடல், டிசம்பர் வெள்ளத்தைக் குறைத்துத்தான் சொல்லும். அந்தக் குறைவு கரையோர வீடுகளுக்குள் தண்ணீராக வரும்.

நம்ம சாஃப்ட்வேர் வேலையில், கோடு எழுதப் பயன்படுத்திய அதே டேட்டாவில் டெஸ்ட் பாஸ் ஆனதென்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நீரியலிலும் இதைச் சொல்லியாயிற்று: ஒரு பகுதித் தரவில் பொருத்து, மறுபகுதியில் சோதி என்று க்ளெமெஷ் 1986லேயே வலியுறுத்தினார்.

எனவே அடுத்த முறை 0.9ஐப் பார்த்தால் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். பொருத்தும்போது ஒதுக்கிவைத்த மழை எது? எத்தனை மழைமானிகள்? மழைக்கு மழை கர்வ் நம்பர் எவ்வளவு மாறியது? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அந்த மாடல் நடந்துமுடிந்த ஒரு மழையை வரைந்து காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த மழைக்கு அதை நம்பி மதகைத் திறக்கவோ மூடவோ முடியாது.