பாதி திறந்த கதவு: ஆன்சர் ஈ.எம்.டி. பற்றி

மந்தைவெளி மார்க்கெட்டில் சிலர் வாயில் அது ‘வாயப்பயம்’. மதுரைப் பக்கம் போனால் ‘வாளப்பளம்’. ழ எங்கே ய ஆகுது, எங்கே ள ஆகுதுன்னு காது சொல்லிவிடும். நாக்கு எப்படி வளையுது என்பதை அளந்துதான் பார்க்கணும்.

அளக்க ஒரு வழி, மின்காந்த முறை. நாக்கில் ஒட்டிய குட்டிக் கம்பிச்சுருளில், வெளியிலிருந்து வரும் மாறும் காந்தப்புலம் மின்னழுத்தத்தைத் தூண்டும். அதை வைத்து, சுருள் எங்கே இருக்குன்னு கணக்கிடலாம். கேமரா வாய்க்குள் எட்டாது. காந்தப்புலத்துக்குக் கன்னம் ஒரு தடையே இல்லை.

தமிழுக்கு இது புதுசு இல்லை. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீகாந்த் நாராயணனும் டேனி பேர்ட், அபிகெய்ல் கான் ஆகியோரும் 1999இல் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எம்.ஆர்.ஐ., காந்த முறை எல்லாம் வைத்து ஆராய்ந்தார்கள். அருமையான கட்டுரை. ஆனால் அதில் பேசியவர் ஒரே ஒருவர். மார்க்கெட்டும் மதுரையும் யாழ்ப்பாணமும் அதில் இல்லை. பலரை அளக்கணும்னா கருவி மலிவாகணும்.

அந்த ஆசையோடுதான் ஆன்சர் ஈ.எம்.டி.யைப் படித்தேன். அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரிக் குழுவும் ஜெர்மன் கூட்டாளிகளும் அறுவை சிகிச்சைக் கருவிகளைப் பின்தொடர 2017இல் வெளியிட்டது. வரைபடம், நிரல் எல்லாம் திறந்த மூலம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது சுருள்கள். கையால் சுற்றாமல், எட்டுச் சுருள்களையும் பி.சி.பி.யில் செப்புத் தடமாகவே அச்சிட்டிருக்கிறார்கள். வடிவம் துல்லியமாகத் தெரியும். அதனால் புலத்தையும் சூத்திரத்திலேயே கணக்கிடலாம். எந்த ஊர் பி.சி.பி. கடையிலும் அதே சுருள் கிடைக்கும். ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு அலைவெண். எட்டு அளவுகள் வரும். கண்டுபிடிக்க வேண்டியது ஐந்துதான்: இடத்துக்கு மூன்று, சாய்வுக்கு இரண்டு. சராசரி இடப்பிழை 1.14 மி.மீ. என்கிறார்கள். ய-வையும் ழ-வையும் பிரித்துப் பார்க்க ஆரம்பிக்க இது போதும் என்பது என் கணிப்பு.

குறை எங்கே? சென்சார், விலைக்கு விற்கும் வணிக நிறுவனத்தின் சுருள். சிக்னலை வாங்கும் பெட்டியும் அப்படித்தான். அதாவது காந்தப்புலத்தை உண்டாக்கும் பாதி திறந்திருக்கு. அதை உணரும் பாதி மூடியிருக்கு. நிரல் உலகில் இதை நாங்கள் நன்றாகவே பார்த்திருக்கிறோம்: மூலநிரல் இலவசம், அது ஓட வேண்டிய இயந்திரம் மட்டும் வேறொருவர் கையில்.

அறுவை அரங்குக்கு இந்தத் தேர்வு நியாயமே. உடம்புக்குள் போகும் சென்சாரை வீட்டில் சுற்றக்கூடாது. வாய்க்கும் அதே விதிதான். ஆனால் பேனா முனையில் ஒட்டிப் பழகலாமே! வீட்டில் ஒரு சுருளும் சவுண்ட் கார்டும் வைத்துப் பார்த்தேன். தூரம் இரட்டிப்பானால் புலம் எட்டில் ஒரு பங்காகும் என்ற பாடம் கண்ணெதிரே தெரிந்தது. ஸ்டீல் பீரோ பக்கம் போனதும் அளவு பிசகியது. உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டத்தின் வேலை.

ஆன்சருக்கு இன்னொரு பதிப்பு வேணும்: பெரிய, மலிவான, கற்றுக்கொள்ளவே ஆன சென்சாரோடு. அதில் பழகிய நாலு பேர் சேர்ந்தால், ஏதாவது ஆய்வகக் கதவைத் தட்டி ‘வாயப்பய’த்தை முறையாக அளக்கலாம்.