மூடியின் மேல் நிற்கும் எருமை

நகத்தளவு முகத்தில் ஒரு முறைப்பைக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. வார்ஹேமர் என்ற மேசைப் போர் விளையாட்டுக்காக 28 மில்லிமீட்டர் அளவில் வரும் வீரர் பொம்மைகளை வாங்கி வண்ணம் தீட்டுகிறவர்களுக்கு அது தெரியும். நீர்க்கக் கரைத்த கருவண்ணத்தைத் தொட்டு வைத்தால் அது அங்கியின் மடிப்புகளைத் தேடித் தானே ஓடி இறங்கும். காய்ந்ததும், ஈரம் போகத் துடைத்த தூரிகையில் வெளிர்நிறம் எடுத்து மேலாக உரசினால் விளிம்புகள் மட்டும் ஒளி பிடிக்கும். ஊட்டி, குன்னூர் பக்கம் மழைக்காலத்தில் இதைச் செய்ய இன்னும் பொறுமை வேண்டும். ஈரக்காற்றில் மேட் வார்னிஷ் தெளித்தால் பொம்மை முழுக்க வெள்ளை பூத்துவிடும்.

இந்தப் பொம்மைகளின் விலைதான் இப்போது ரசிகர்களின் பெரிய கவலை. அவற்றைத் தயாரிக்கும், 1975-ல் தொடங்கிய கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம், 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களில் ஒன்றாகிவிட்டது. ஆரம்பகாலப் பொம்மைகளை ஈயக் கலவையில் வார்த்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் ஈயத்தை விட்டார்கள். இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக். இனி வார்க்கப்படாத பழைய ஈயப் பொம்மைகளுக்குச் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு விலை ஏற்றுகிறார்கள். இந்தியாவிலோ பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆகிவிட்டது. விலை ஏற ஏற, பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்து விற்கும் வழக்கமும் வளர்கிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. தூரிகை படாத, களத்தில் இறங்காத பொம்மை பாதிப் பொம்மைதான். அது நிற்க ஒரு தரை வேண்டும், எதிரே ஒரு எதிரி வேண்டும், அதைக் கையில் எடுத்து நகர்த்த ஒரு ஆள் வேண்டும்.

இப்படி எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் நீலகிரியின் சொந்தக் குட்டிச் சிற்பங்கள். இந்த மலைமுகடுகளில் இருந்த கல்வட்டங்களிலும் கற்குவைகளிலும் உயரமான, அடுக்கடுக்காகப் புடைத்த மட்கலங்கள் கிடைத்தன. அவற்றின் குவிந்த மூடிகளின் உச்சியில் சுடுமண் உருவங்கள் நிற்கின்றன: எருமை, குதிரை, யானை, பறவை, சிறுத்தை, மனிதர்கள், குதிரைமேல் ஆள். எருமையைப் பாருங்கள். உடல் உருட்டிய மண், கால்கள் நான்கு முளைகள், அவ்வளவுதான். ஆனால் கொம்பில் கைவைத்ததும் அந்தக் குயவர் அவசரத்தை விட்டுவிடுகிறார். அடியிலிருந்து நுனிவரை ஒரே வீச்சாக வளைத்து எடுத்திருக்கிறார். கண் என்பது ஒட்டி அழுத்திய ஒரு மண் உருண்டை. வார்ஹேமர் வீரனின் முகத்தில் சிற்பி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். இங்கே கொம்பும் நிற்கிற நிலையும் மட்டுமே பேசுகின்றன. அதுவே போதுமானதாக இருக்கிறது. எனக்கு இரண்டில் எது மேல் என்று கேட்டால் தயங்காமல் எருமையைத்தான் சொல்வேன்.

அதன் அழகில் பாதி அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. குவிந்த மூடி ஒரு குன்றைப் போலவே இருக்கிறது. உச்சியில் எருமை நிற்கிறது. அந்தக் கலம் புதைக்கப்பட்டதும் ஒரு முகட்டில்தான். இறந்தவரின் எலும்பையும் சாம்பலையும் இரும்பு ஆயுதங்களையும் மணிகளையும் வைத்துச் செய்த சடங்கின் ஓர் உறுப்பு அது. செய்தவர்கள் யார் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. இந்த மலையில் எருமையைச் சுற்றியே வாழ்க்கையை அமைத்துக்கொண்ட தோடர்களையும், பானை வனையும் கோத்தர் பெண்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் நினைப்பதோடு நிற்கவேண்டியதுதான்.

கேப்டன் காங்கிரீவ் 1840-களிலேயே இந்தக் கற்குவைகளைப் பற்றி எழுதினார். நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் கோரிக்கையை ஒட்டி மலைமக்களின் பொருள்களைச் சேகரித்தார், கற்குவைகளையும் தோண்டினார். 1872-ல் அவர் இறந்துபோக, மனைவி அந்தக் குறிப்புகளைத் தொகுத்து 1873-ல் நூலாக்கினார். ஊட்டியில் பிரீக்ஸ் பள்ளி என்றால் தெரியாதவர் இல்லை. அந்தப் பெயருக்குரியவர் இவர்தான். அவர் எடுத்தவற்றில் சில இன்று லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் நீலகிரிக் கலங்கள் உண்டு. பிரீக்ஸ் குறிப்பாவது எழுதிவைத்தார். தங்கம் தேடி முகடுகளைக் கிளறியவர்கள் எதையும் எழுதவில்லை, உடைத்ததோடு சரி.

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், நூறாண்டு கடந்த சிற்பங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. விற்கவும் உரிமம் கேட்கிறது. கறாரான சட்டங்கள்தான், ஆனால் எனக்கு அவை முழுக்கச் சரியாகவே படுகின்றன. மூடியிலிருந்து எருமையைப் பெயர்த்தெடுத்தால் சந்தையில் அதற்கு விலை இருக்கும். ஆனால் எந்த முகடு, எந்தக் குழி, பக்கத்தில் என்ன கிடந்தது என்பதெல்லாம் போய்விடும். பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் அது திரும்பி வராது.

ஆசைப்படுவதற்கு வேறு வழி இருக்கிறது. அந்தக் குதிரைவீரனையும் எருமையையும் யாராவது ஒரு சிற்பி அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பார்த்து, இன்றைய விளையாட்டுக்கென்று 28 மில்லிமீட்டரில் புதிதாகச் செதுக்கட்டும், குவிந்த மூடியையே அடித்தளமாக வைத்து. என்ன விலை சொன்னாலும் வாங்குவேன். வாங்கிய அன்றே பெட்டியைப் பிரித்து வண்ணமும் அடிப்பேன்.