துடைத்ததெல்லாம் சரிதான், ஸ்கேனரைக் காணோம்

நடுகல் குறிப்புகளுக்கென்று நான் வைத்திருக்கும் பழைய மடிக்கணினியில் ஓடுவது ஜென்டூ லினக்ஸ். இதில் பெரும்பாலான மென்பொருளை மூலநிரலாக இறக்கி, நம்ம கணினியிலேயே கம்பைல் செய்து நிறுவுவோம். அதனால் வட்டு சீக்கிரம் நிரம்பும். போன மாதம் அரூர் பக்கம் எடுத்த படங்களை ஏற்றும்போது, இடமில்லை என்று பாதியில் நின்றுவிட்டது.

வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியம் ரெண்டு கட்டளை. ஒன்று, இமர்ஜ் டிப்கிளீன். யாரும் கேட்காத பேக்கேஜ்களை நீக்கும். இன்னொன்று, ஜென்டூல்கிட்டில் வரும் இகிளீன்-டிஸ்ட். டிஸ்ட்ஃபைல்ஸ் கோப்புறையில் சேர்ந்த மூலநிரல் டார் கோப்புகளை நீக்கும். அதோடு '-டி' ஆப்ஷன் சேர்த்தால், இப்போது நிறுவியிருக்கும் பேக்கேஜ்களுக்கு உரியதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் துடைத்துவிடும். ரெண்டையும் வரிசையாக ஓட்டினேன். தாராளமாக இடம் கெடச்சுது.

மறுநாள் ஸ்கேனர் ஓடவில்லை. அதன் டிரைவரை முன்பு 'ஒன்ஷாட்' போட்டு நிறுவியிருந்தேன். அதனால் வேர்ல்டு கோப்பில் பெயர் இல்லை. டிப்கிளீன் அதை அநாதை என்று நீக்கியது. நீங்கியதும் அதன் டார் கோப்பு 'நிறுவாத பேக்கேஜுக்கு உரியது' ஆகிவிட்டது. இகிளீன் அதையும் எடுத்தது. அது எந்த மிரரிலும் கிடைக்காத கோப்பு. தயாரிப்பாளர் தளத்தில் உரிமத்தை ஏற்றுக் கையால் இறக்கியது. அந்தப் பக்கமே இப்போ இல்லை.

இரண்டு கருவியும் சொன்னபடிதான் நடந்தன. 'பிரிடெண்ட்' போட்டு முதலில் பட்டியலைப் பார்க்காதது என் தப்பு. கையால் இறக்கவேண்டிய கோப்புகளைக் காப்பாற்ற 'ஃபெட்ச்-ரிஸ்ட்ரிக்டெட்' என்றே ஓர் ஆப்ஷன் உண்டு. அதையும் போடவில்லை. ஆனாலும் விமர்சனம் இருக்கிறது. எந்தக் கோப்பைத் தானாக இறக்க முடியாது என்பது ஈபில்டிலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த கருவி, காப்பாற்றுவதை இயல்பாகவும் அழிப்பதை ஆப்ஷனாகவும் அல்லவா வைத்திருக்க வேண்டும்? இங்கே தலைகீழ். 'இப்போது தேவையா' என்று பார்க்கிறார்கள். 'போனால் திரும்புமா' என்று பார்ப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், தாராளமாகத் தூக்கி எறியக்கூடியவை அப்படியே கிடந்தன. தோற்றுப்போன கம்பைலின் மிச்சம் வார்-டெம்ப்-போர்ட்டேஜில். பழைய கர்னல்களின் ஆப்ஜெக்ட் கோப்புகள் யூஎஸ்ஆர்-எஸ்ஆர்சியில். கர்னல் மூலநிரல் பேக்கேஜை டிப்கிளீன் நீக்கினாலும், கம்பைல் செய்தபோது உருவான கோப்புகளைத் தொடாது. அவை போர்ட்டேஜ் நிறுவியவை அல்லவே.

இப்போது என் வரிசை இதுதான்: கம்பைல் எதுவும் ஓடாதபோது அந்த மிச்சம், பிறகு ஓடாத பழைய கர்னல்கள், கடைசியாகத்தான் டிப்கிளீனும் இகிளீனும், அதுவும் பட்டியலை வரிவரியாகப் படித்த பிறகு. கையால் இறக்கிய கோப்பெல்லாம் நடுகல் படங்களோடு வெளி வட்டில்.

கல்லைப் பார்த்துக் கையால் எழுதிய நோட்டுகளில் பாதி இன்னும் ஸ்கேன் ஆகவில்லை. போனில்தான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த டார் கோப்பு இருந்தால் முடிந்திருக்கும் வேலை.