குப்பை தெரிந்தால் சந்தோஷப்படுங்கள்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் டிப்ளமோ இளைஞர் ஒருவரைத் தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் மூன்று பேரோடு ஒரே அறை. லீவு நாளில் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, 1982-ல் வந்த ஒரு கம்ப்யூட்டரை மறுபடி செய்துகொண்டிருந்தார். ரிச்சி தெருவில் கால் கடுக்க அலைந்து வாங்கிய சிப்கள், சால்டரிங் அயர்ன், ஒரு பழைய டி.வி.

“எதுக்குப்பா இந்த வேலை? கையில இருக்கிற போனே இதைவிட ஆயிரம் மடங்கு செய்யுமே” என்றேன்.

“போனுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது சார். இதுல தெரியும்.”

சொல்லிவிட்டு ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். கிறிஸ் ஸ்மித் எழுதி 2010-ல் வெளியான ‘தி இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் யூஎல்ஏ’. ‘ஒரு மைக்ரோ கம்ப்யூட்டரை வடிவமைப்பது எப்படி’ என்பது துணைத் தலைப்பு.

ஸ்பெக்ட்ரம் என்பது பிரிட்டனில் சின்க்ளேர் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்ட வீட்டுக் கம்ப்யூட்டர். 16கே மெமரி உள்ளது 125 பவுண்டு, 48கே 175 பவுண்டு. வீட்டு டி.வி.தான் திரை. புரோகிராம்களைச் சேமிக்க டேப் ரெக்கார்டர். இந்தியாவிலும் 80-களின் பிற்பகுதியில் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் லைசென்ஸ் வாங்கி இதை விற்றது. விலை குறைந்ததற்கு முக்கியக் காரணம், ஃபெர்ராண்டி கம்பெனி செய்துகொடுத்த யூஎல்ஏ என்ற 40 கால் சிப். டி.வி.க்குப் படம் அனுப்புவது, கீபோர்டைக் கவனிப்பது, டேப்பைக் கேட்பது எல்லாம் அதன் தலையில். ப்ராசஸரான இசட்80-யும் மெமரியும் தேடினால் இன்றும் கிடைக்கும். யூஎல்ஏ? அது இந்த மிஷினுக்கென்றே செய்தது. ஒரு காலத்தில் அது போனால் மிஷின் போச்சு.

கிறிஸ் ஸ்மித் அந்தச் சிப்பின் மூடியைத் திறந்து, மைக்ராஸ்கோப் படங்களை வைத்து அதன் உள்சுற்றைப் புரிந்துகொண்டார். அது செய்யும் வேலையையெல்லாம், கடையில் கிடைக்கும் சாதாரண லாஜிக் சிப்கள் பலவற்றைச் சேர்த்தே செய்துகாட்டினார். அந்த மிஷினுக்கு ஹார்லெக்வின் என்று பெயர். நம் ஒரகடத்து இளைஞர் செய்வதும் அதைத்தான்.

புத்தகம் எப்படி? முதல் சில அத்தியாயங்கள் கதை மாதிரி ஓடுகின்றன. அப்புறம் சர்க்யூட் படங்கள் ஆரம்பித்ததும் என்னைப் போன்ற பி.காம். ஆசாமிகள் மூச்சு வாங்குகிறோம். எழுதியவர் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு நல்ல குணம்: ஸ்பெக்ட்ரத்தை அவர் கும்பிடவில்லை. சில நேரம் திரையில் பனி கொட்டுவதுபோல் புள்ளிகள் வரும். அது யூஎல்ஏவின் குறை என்று சொல்லி, ஏன் என்றும் விளக்குகிறார். ஆரம்பத்தில் விற்ற மிஷின்களில் இன்னொரு வேடிக்கை. யூஎல்ஏவில் இருந்த தப்பைச் சரிக்கட்ட, கூடுதலாக ஒரு சிப்பைத் தலைகீழாக ஒட்டி, ஒயர் இழுத்து விற்றார்கள். கால்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்ததால் அதற்குச் ‘செத்த கரப்பான்பூச்சி’ என்றே பட்டப்பெயர். லட்சக்கணக்கில் விற்ற சரக்கின் ஆரம்பம் இந்த லட்சணம்தான்.

ஆனால் இது ரிப்பேர் கையேடு அல்ல. மிஷின் எப்படி ஓடும் என்று சொல்லும். நாம் செய்தது ஏன் ஓடவில்லை என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் தடவை கரண்ட் கொடுத்தபோது திரை முழுக்க வண்ணக் கட்டங்களாகக் குப்பை. நான் உச்சுக்கொட்டினேன். அவர் முகத்தில் சிரிப்பு.

“குப்பை தெரியுதுன்னா பாதி மிஷின் உயிரோட இருக்கு சார்.”

விஷயம் இதுதான். மெமரியைப் படமாக மாற்றி அனுப்பும் பகுதி ப்ராசஸரைக் கேட்காமலேயே வேலை செய்யும். ப்ராசஸர் படுத்துக் கிடந்தாலும், மெமரியில் இருக்கும் கண்டதையும் அது காட்டிக்கொண்டிருக்கும். அடுத்த சாட்சி, திரையின் ஓரம். ஆன் செய்ததும் ரோமில் உள்ள புரோகிராம் முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று ஓரத்தை வெள்ளையாக்குவது. ஓரம் வெளுத்தால் ப்ராசஸர் ரோமைப் படிக்கிறது என்று அர்த்தம். பிறகு மெமரி முழுக்க எழுதிப் பார்த்துச் சோதிக்கும். அதில் பாஸானால் சின்க்ளேர் பெயர் வரும்.

சில மாற்றங்களுக்குப் பிறகு இவருடைய மிஷினில் ஓரம் வெளுத்தது. அதோடு நின்றது. அப்படியென்றால் சந்தேகம் மெமரி மேல். இரண்டு இரவு தேடியதில் அகப்பட்டது: மெமரி சிப்பின் ஒரு கால் சாக்கெட்டுக்குள் போகாமல், வயிற்றுக்கடியில் மடங்கிக் கிடந்தது.

எனக்கு டிரையல் பேலன்ஸ் ஞாபகம் வந்தது. டாலி ஆகாவிட்டால் எங்கள் வாத்தியார் முதலில் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்வார். மீதியில்லாமல் வகுபட்டால் 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம். தப்பு சும்மா இருக்காது, தான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லும். கேட்க நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

“உங்க ஃபேக்டரியில இப்படித் தேட விடுவாங்களா?”

“ஃபெயிலான போர்டுல ஸ்டிக்கர் ஒட்டி டிரேல வெச்சிடுவோம் சார். ஏன் ஃபெயிலாச்சுன்னு எங்களுக்குத் திரும்பி வராது.”

அந்த லைன் ஓடுகிற வேகத்துக்கு அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி மிச்சம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ம் தேதி மூடப்பட்டது. கல்யாணம்கூட ஆகாத வயதில் பலர் விருப்ப ஓய்வு வாங்கிப் போனார்கள். கோடிக்கணக்கான போன்கள் அவர்கள் கைவழியே போயிருந்தன. கையில் நின்றது என்ன?

ஸ்பெக்ட்ரம் தயாரான ஊருக்கும் இதே கதி வந்தது. ஸ்காட்லாந்தின் டன்டீயில் டைமெக்ஸ் ஆலையில்தான் அதைச் செய்தார்கள். பெரிய போராட்டத்துக்குப் பிறகு 1993-ல் அதை மூடிவிட்டார்கள். ஆனால் அதே ஆலையில் வேலை பார்த்த டேவிட் ஜோன்ஸ், அதற்குச் சில வருடங்கள் முன்பே ஆட்குறைப்பில் வெளியேறி, கிடைத்த பணத்தில் ஒரு அமிகா கம்ப்யூட்டர் வாங்கினார். அவர் தொடங்கிய கம்பெனியிலிருந்து 1991-ல் ‘லெம்மிங்ஸ்’, 1997-ல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ என்ற வீடியோ கேம்கள் வந்தன. டன்டீ இன்றைக்குக் கேம்களுக்குப் பேர்போன ஊர். எல்லாத் தொழிலாளிக்கும் இது நடக்கவில்லை. ஆனால் அந்த ஊர் செய்த பொருள், அந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் நோண்டிப் பார்க்கக்கூடிய பொருளாக இருந்தது. நாம் பசை போட்டு மூடி அனுப்பும் போன்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?

இந்தப் புத்தகம் இங்கே ஒவ்வொரு பாலிடெக்னிக் நூலகத்திலும் இருக்க வேண்டும். தமிழில் வந்தால் இன்னும் நல்லது, கொஞ்சம் என்னையும் மனதில் வைத்துக்கொண்டு.

கடைசியில் மிஷின் ஓடியது. சின்க்ளேர் பெயர் வந்தது. நான் கை தட்டினேன். அவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, சரியாக இருந்த இன்னொரு காலை வேண்டுமென்றே சாக்கெட்டிலிருந்து வெளியே இழுத்தார்.

“என்னப்பா பண்றே?”

“இந்தக் கால் இல்லன்னா திரை எப்படி இருக்கும்னு பார்த்து வெச்சுக்கறேன் சார்.”