ஊசி மறைந்த பிறகு

'தடுப்பூசி' என்ற சொல்லுக்குள்ளேயே ஊசி குத்திக்கொண்டு நிற்கிறது. வாயால் விழுங்கும் தடுப்பு மருந்துக்குத் தமிழில் இன்னும் சரியான பெயர் அமையவில்லை; போலியோவுக்குச் 'சொட்டு மருந்து' என்று சமாளித்துவிட்டோம். இந்தப் பெயரின்மையிலிருந்தே தொடங்கலாம்.

பாலுறவின்வழி பரவும் ஹெச்.பி.வி. வைரஸ் குறித்து டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தயிர், மோரில் வாழும் நுண்ணுயிர்களின் உறவுக்காரனான லாக்டோபாசில்லஸ் கேசி என்ற பாக்டீரியாவை, அந்த வைரஸின் ஈ7 புரதத்தைத் தாங்கும்படி மரபணு மாற்றம் செய்து, சூட்டில் செயலிழக்கவைத்து, காப்ஸ்யூலில் அடைத்துக் கொடுத்தார்கள். கருப்பை வாயில் புற்றுக்கு முந்தைய கடுமையான மாற்றம் கண்டிருந்த 17 பெண்கள் பங்கேற்றனர். உகந்த அளவு உட்கொண்ட 13 பேரில் 9 பேருக்கு ஒன்பதாம் வாரத்தில் பாதிப்பு ஒரு படி இறங்கியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. இத்தகைய மாற்றங்கள் சிலருக்குத் தானாகவும் தணியும். எனவே வெற்றி முழக்கம் வேண்டாம்.

இதன் அடிப்படைக் கருத்துதான் என்னை ஈர்க்கிறது. குடலில் பழக்கப்பட்ட எதிர்ப்புச் செல்கள் கருப்பை வாய்வரை பயணம் போகின்றன. வயிற்றுக்கு ஒரு டாக்டர், கருப்பைக்கு ஒரு டாக்டர் என்று மருத்துவம் கூறுபோட்ட உடல் இங்கே ஒன்றாகிறது. உடல் ஒரு கோட்டை, கிருமி அந்நியப் பகை என்ற போர்ச் சொல்லாடலும் ஆட்டம் காண்கிறது. கிருமியே தூதுவன்.

ஆனால் உடலைப் பற்றிய கருத்து மாறினால் அதிகாரமும் மாறிவிடுமா? "ஒரு மாத்திரைதானே, முழுங்கிட்டாப் போச்சு" என்பார்கள். இந்த எளிமை யாருக்கு?

2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், இதே வைரஸுக்கான தடுப்பூசி பழங்குடிச் சிறுமிகள் உள்ளிட்டோருக்குப் போடப்பட்டது. ஆந்திராவின் 9543 சம்மதப் படிவங்களில் 2763இல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள் என்றது நாடாளுமன்ற நிலைக்குழுவின் 2013 அறிக்கை. பெற்றோருக்குச் சொல்லாமலே பிள்ளையின் கையை நீட்டவைக்க முடிந்திருக்கிறது.

ஊசி வலிக்கும், வலிப்பதாலேயே அது கண்ணுக்குத் தெரியும். குழந்தை கையை இழுத்துக்கொள்ளலாம், அம்மா "எதுக்குங்க இது?" என்று கேட்கலாம். காப்ஸ்யூலோ சோற்றுத் தட்டோடு வந்துவிடும். ஊசி மறையும்போது மறுப்பதற்கான கடைசி இடமும் மறையக்கூடும்.

அதனால் நான் இந்த மருந்தை எதிர்க்கவில்லை. கருப்பை வாய்ப் புற்றில் மடிபவர்களில் பெரும்பாலோர் ஏழை நாட்டுப் பெண்கள். அவர்களுக்கு இது தேவைப்படலாம். மருந்து வாய்வழி வரட்டும். அதற்கு முன் சம்மதமும் அவர்கள் வாய்வழியாகவே வர வேண்டும், காப்பாளரின் பேனாவழியாக அல்ல.