உலாவிக் கேச் துப்புரவு மென்பொருள்கள்: செங்கல்பட்டு, மாமல்லபுரம் பொதுக்கணினிகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

உலாவிக் கேச் துப்புரவு மென்பொருள் என்பது, இணைய உலாவிகள் கணினியின் வட்டில் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகள், குக்கிகள், பார்வை வரலாறு முதலியவற்றை ஒரே சொடுக்கில் அழிக்கும் மென்பொருள் ஆகும். சிகிளீனர், பிளீச்பிட் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. கணினி வேகம் பெறும், அந்தரங்கம் காக்கப்படும் என்ற இரு வாக்குறுதிகளுடன் இவ்வகை மென்பொருள்கள் பயனரை அடைகின்றன. பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் பொதுக்கணினியில் இவ்வாக்குறுதிகள் எந்த அளவுக்கு நிறைவேறுகின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

வட்டாரப் பின்னணி

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் மகிந்திரா வேர்ல்டு சிட்டியும் இம்மாவட்டத்தில்தான் உள்ளன. அங்குள்ள அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கத் தனிப் பணியாளர்கள் இருப்பார்கள். எதை நிறுவலாம், எதை அழிக்கலாம் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள்.

இதே மாவட்டத்தில் இன்னொரு வகைக் கணினியும் உண்டு. பேருந்து நிலையத்தை ஒட்டிய பிரவுசிங் சென்டர்களிலும், செராக்ஸ் கடைகளிலும், கடலோரச் சிற்றூர்களின் சேவை மையங்களிலும் இருக்கும் கணினி அது. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான மீனவக் குப்பங்களைச் சேர்ந்தோர், மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத் தொழிலாளர்கள், கல்லூரி மாணவர்கள் எனப் பலரும் சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல், தேர்வு விண்ணப்பம், தொடர்வண்டி முன்பதிவு ஆகியவற்றுக்கு இத்தகைய கணினிகளை நாடுகின்றனர். ஒரே நாளில் பலருடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் கடந்து செல்லும் இயந்திரம் இது. இதைப் பராமரிப்பவர் பெரும்பாலும் கடை உரிமையாளரே. அவர் கையில் இருக்கும் கருவி இலவசமாகக் கிடைக்கும் துப்புரவு மென்பொருளாகவே அமைந்துவிடுகிறது.

கேச் செய்யும் வேலை

கேச் என்பதைத் தமிழில் பதுக்ககம் என்றும் தற்காலிகச் சேமிப்பு என்றும் எழுதுகின்றனர். ஒரு வலைத்தளத்தை முதன்முறை திறக்கும்போது அதன் சின்னம், எழுத்துரு, வடிவமைப்புக் கோப்பு போன்றவற்றை உலாவி வட்டில் சேமித்துக்கொள்கிறது. மறுமுறை திறக்கும்போது அவற்றை மீண்டும் இறக்காமல் வட்டிலிருந்தே எடுக்கிறது. சேமித்த கோப்பு பழையதாகிவிட்டதோ என்ற ஐயம் வந்தால் வழங்கியிடம் கேட்கிறது. மாற்றம் இல்லையெனில் வழங்கி 304 என்ற குறியீட்டை மட்டும் திருப்பி அனுப்புகிறது. இதனால் தரவும் நேரமும் மிச்சமாகின்றன.

கேச், குக்கி, வரலாறு, கடவுச்சொல் ஆகிய நான்கும் வெவ்வேறானவை. கேச் என்பது பக்கத்தின் படியைக் கொண்டது. குக்கி என்பது பயனர் உள்நுழைந்திருக்கிறார் என்பதை வலைத்தளத்துக்கு உணர்த்தும் அடையாளம். வரலாறு என்பது சென்ற முகவரிகளின் பட்டியல். சேமித்த கடவுச்சொல் தனிக் கோப்பில் இருப்பது. துப்புரவு மென்பொருள்கள் இவற்றை ஒரே பட்டியலில் அடுக்கி, ஒரே பொத்தானின் கீழ் வைக்கின்றன. பயனரின் குழப்பம் இங்கிருந்தே தொடங்குகிறது.

வேகம் என்னும் வாக்குறுதி

கேச்சை அழித்தால் வட்டில் இடம் கிடைக்கும் என்பது உண்மை. வட்டு நிரம்பி விண்டோஸ் திணறும் நிலையில் இது உதவும். பழுதடைந்த கேச் கோப்பினால் ஒரு பக்கம் சரியாகத் திறக்காதபோதும், வலைத்தளம் மாறிய பின்னும் பழைய பக்கமே தெரியும்போதும் கேச்சை அழிப்பது சரியான தீர்வே.

ஆனால் நாள்தோறும் அழிப்பது எதிர்விளைவையே தரும். ஒரு மையத்தில் திரும்பத் திரும்பத் திறக்கப்படுபவை பெரும்பாலும் சில அரசுத் தளங்களும் தேர்வுத் தளங்களுமே. ஒரே தளம் பலமுறை திறக்கப்படும் இத்தகைய இடத்தில்தான் கேச் மிகுதியாகப் பயன்படும். அதை ஒவ்வொரு வாடிக்கையாளருக்குப் பின்னும் அழித்தால், அடுத்தவருக்கு எல்லாக் கோப்புகளும் மீண்டும் இறங்க வேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாளில், இணைப்பும் வழங்கியும் ஒருசேர நெரிசலில் இருக்கும்போது, இந்தத் தாமதம் விண்ணப்பத்தையே தவறவிடச் செய்யலாம்.

கணினி மந்தமாவதற்கு வேறு காரணங்களும் உள்ளன. விண்டோஸ் 7 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவு 2020 சனவரி 14 அன்று முடிந்தது. குரோம் உலாவியின் 109ஆம் பதிப்பே விண்டோஸ் 7இல் இயங்கும் கடைசிப் பதிப்பு. நினைவகம் குறைந்த, இயங்குதளம் காலாவதியான கணினியை எந்தத் துப்புரவு மென்பொருளும் புதிதாக்காது. பதிவகத் துப்புரவுக் கருவிகளைப் பயன்படுத்துவதை மைக்ரோசாப்ட் நிறுவனமே ஆதரிப்பதில்லை.

அந்தரங்கம் என்னும் வாக்குறுதி

பொதுக்கணினியில் பயனருக்கு உள்ள பெரிய இடர், அவர் இறக்கிய ஆவணம் அங்கேயே தங்கிவிடுவது. இ-ஆதார், வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் ஆகியவை அச்சிடுவதற்காகப் பதிவிறக்கக் கோப்புறையில் இறங்குகின்றன. உலாவியின் கேச்சை அழித்தாலும் அவை அழிவதில்லை. துப்புரவு மென்பொருள்கள் 'பதிவிறக்க வரலாறு' என்று அழிப்பது, எந்தக் கோப்புகள் இறக்கப்பட்டன என்ற பட்டியலை மட்டுமே. கோப்பு இருக்கிறது, பட்டியல் போய்விடுகிறது. தன் ஆவணம் அங்கே இருப்பதை உலாவியில் பார்த்து அறியும் வாய்ப்பையும் பயனர் இழக்கிறார்.

இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. அதே கோப்புறையில் அவருடைய வேறு சான்றும் இருந்தால் இவ்விரண்டையும் கண்டுபிடிப்பது கடினமன்று. 2022 மே மாதம் தனித்துவ அடையாள ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் வெளியிட்ட அறிவிப்பில், இணைய மையக் கணினிகளில் இ-ஆதார் இறக்குவதைத் தவிர்க்குமாறும், இறக்கினால் எல்லாப் படிகளையும் நிரந்தரமாக அழிக்குமாறும் கூறப்பட்டது. நகல் கொடுப்பது பற்றிய அதன் வேறு வாசகங்கள் தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடும் என்று கூறி, மத்திய அரசு இரு நாள்களில் அதைத் திரும்பப் பெற்றது. எனினும், இறக்கிய படியை அழிக்க வேண்டும் என்ற அறிவுரை பொருந்தாமல் போய்விடவில்லை.

குக்கிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. சிகிளீனரில், அடிக்கடி பயன்படும் மின்னஞ்சல் போன்ற தளங்களின் உள்நுழைவுக் குக்கிகளை அழிக்காமல் விட்டுவைக்கும் வசதி இருக்கிறது. வீட்டுக் கணினியில் இது வசதியே. பொதுக்கணினியிலோ, அழிய வேண்டியதே பிழைத்துக்கொள்ளும்.

மேலெழுதி அழித்தல் என்ற வசதியும் இவற்றில் உண்டு. 35 முறை மேலெழுதும் முறை, பீட்டர் குட்மன் 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அது அக்காலத்துக் காந்த வட்டுகளுக்கானது. இன்றைய வட்டுகளுக்கு 35 முறை தேவையில்லை என்று குட்மனே பின்னர் விளக்கினார். திண்மநிலை வட்டுகளில் மேலெழுதும் தரவு அதே இடத்தில் விழும் என்ற உறுதியும் இல்லை. எண் பெரிதாக இருப்பதால் பயனருக்கு நம்பிக்கை வருகிறது, பாதுகாப்பு அதற்கேற்ப வருவதில்லை.

சட்டம் கேட்பது

இணைய மையங்களுக்கான வழிகாட்டல் விதிகள் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011இல் அறிவிக்கப்பட்டன. பயனரின் அடையாளத்தைப் பதிவேட்டில் குறிப்பதோடு, மையக் கணினிகளில் பார்க்கப்பட்ட வலைத்தளங்களின் வரலாற்றையும் குறைந்தது ஓராண்டு காக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. கேச்சையோ குக்கியையோ காக்குமாறு அவை கேட்கவில்லை.

வேறு வகையில் பதிவு வைக்காத ஒரு மையம், துப்புரவு மென்பொருளின் இயல்பு அமைப்பை அப்படியே இயக்கினால், காக்க வேண்டிய வரலாறு அழிகிறது, அழிக்க வேண்டிய ஆவணம் நிற்கிறது. அந்த மையத்தின் கணினியிலிருந்து ஒரு மோசடி நடந்து விசாரணை வந்தால், உரிமையாளர் காட்டுவதற்கு எதுவும் இராது. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளருக்கும் சான்று கிடைக்காது.

நம்பகம்

துப்புரவு மென்பொருள், கணினியின் எல்லாக் கோப்புகளையும் தொடும் உரிமையுடன் இயங்குவது. எனவே அதன் நம்பகம் முதன்மையானது. 2017 ஆகஸ்ட் 15 அன்று வெளியான சிகிளீனர் 5.33 பதிப்பின் 32 பிட் வடிவத்தில் தீநிரல் புகுத்தப்பட்டிருந்தது. நிறுவனத்தின் முறையான எண்ணிமக் கையொப்பத்துடனேயே அது வெளிவந்தது. சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அப்பதிப்பு நிறுவப்பட்டிருந்தது. செப்டம்பர் 18 அன்று செய்தி வெளியானது. தாக்கியவர்களின் குறி பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் என்பதும், தாக்குதலின் இரண்டாம் கட்டம் சில பத்துக் கணினிகளையே எட்டியது என்பதும் பின்னர் தெரிந்தது. எனினும் முதற்கட்டத் தீநிரல் எல்லோருடைய கணினியிலும் இருந்தது. 2018இல் 5.45 பதிப்பு, கண்காணிப்பு வசதியை முழுதாக நிறுத்த இடம் தராததால் எதிர்ப்புக்கு உள்ளாகித் திரும்பப் பெறப்பட்டது.

தீநிரல் நீக்கத்துக்கென 2017 பிப்ரவரியில் மத்திய அரசு சைபர் ஸ்வச்தா கேந்திராவைத் தொடங்கி இலவசக் கருவிகளை வழங்குகிறது. கேச் துப்புரவும் தீநிரல் நீக்கமும் வேறு வேறு பணிகள். முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதும் நடந்ததாகக் கருதக் கூடாது.

மாற்று வழிகள்

உலாவியிலேயே கன்ட்ரோல், ஷிப்ட், டெலீட் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கேச், குக்கி, வரலாறு ஆகியவற்றைத் தனித்தனியே தேர்ந்து அழிக்கலாம். இதற்கு வேறு மென்பொருள் தேவையில்லை. மையங்களில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் குரோமின் விருந்தினர் சாளரத்தைத் திறந்து கொடுத்தால், எல்லாச் சாளரங்களையும் மூடியதும் குக்கியும் வரலாறும் நீங்கிவிடும். சட்டம் கேட்கும் பதிவை ஒவ்வொரு கணினியிலும் வைக்காமல், மையத்தின் இணைப்பு கடந்து செல்லும் வழங்கியில் வைக்கலாம். பதிவிறக்கக் கோப்புறையை மட்டும் கையால் காலி செய்து, மறுசுழற்சித் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். வாடிக்கையாளர் எழுந்து போகும் முன் அவர் கண்ணெதிரே இதைச் செய்வது நல்லது.

மதிப்பீடு

வட்டில் இடத்தை மீட்பதிலும், பழுதான கேச்சை நீக்குவதிலும் துப்புரவு மென்பொருள்கள் பயனுள்ளவை. திறந்த மூலமான பிளீச்பிட், எதை அழிக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே காட்டுவதால் கற்போருக்கு ஏற்றது. ஆனால் இவை ஒருவரே பயன்படுத்தும் கணினியை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. பொதுக்கணினியில் கேச் பலருக்கும் பயன்படும் பொதுச் சொத்து, ஆவணம் ஒருவருக்கு மட்டும் உரியது, வரலாறு சட்டத்துக்கு உரியது. இம்மூன்றையும் ஒரே பொத்தானால் கையாள்வதே இம்மென்பொருள்களின் அடிப்படைக் குறை. பணி முடிந்ததும் 'இவ்வளவு மெகாபைட் நீக்கப்பட்டது' என்று திரையில் தோன்றும் எண், எது நீங்காமல் நிற்கிறது என்பதைச் சொல்வதில்லை. பட்டா நகலுக்காகப் பேருந்தேறி வந்தவருக்கு அறிய வேண்டியது அதுவே.