வல்லத்தில் ஒரு தைப் பகல்

பொதிகையில் பிறந்து ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடிவரும் தாமிரபரணி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைத் தொடும் இடத்தில் அவசரத்தை மறந்துவிடுகிறது. அங்கே தை மாதத்துப் பகலை வல்லத்தில் கழிக்கும் ஒரு தம்பதியைப் பார்த்தேன். படகிலேயே குடியிருக்கும் வழக்கம் இந்தப் பக்கம் இல்லை. ஆனால் அன்று அவர்களுக்கு அந்த வல்லம்தான் வீடு.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருந்தது. வெயில் முதுகைச் சுடவில்லை, தடவிக்கொடுத்தது. அலையாத்தி மரங்களின் ஓரமாகக் கம்பை ஊன்றி வல்லத்தைக் கட்டிவிட்டு, கணவர் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். அடிப்பலகையில் கசிந்த நீரைப் பார்த்து, "ஏளா, தண்ணிய இறைச்சு ஊத்து" என்றார். "இருங்க, வாரேன்" என்றபடி அந்த அம்மா தூக்குவாளியைத் திறந்தார். பழைய சோறு, சுட்ட கருவாடு, சின்ன உள்ளி. முதல் கவளம் அவருக்குப் போனது. அப்புறம்தான் அந்த அம்மா தண்ணீரை இறைத்தார்.

எனக்குப் பிடித்தது அந்த வல்லத்தின் சிக்கனம். வலைக்கு ஒரு மூலை, குடிநீர்க் குடத்துக்கு ஒரு மூலை, இருவர் கால் நீட்ட மிச்ச இடம். வீண் என்று ஒரு சாண்கூட இல்லை.

இந்த ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால்தான் பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் கடலைவிட்டு விலகி உள்நாட்டு ஊரானது. அதே வண்டல்மேல் நிற்கும் ஆழமற்ற நீரில் மடவை மீன் ஒன்று துள்ளியது. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். வலை இன்னும் தைத்து முடியவில்லை.